ஐந்தருவி கேக்கும் அப்பாவின் மரக்காலும்

ஒரு வேலை தனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் எப்படியெல்லாம் மானம் கெடுவான் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் அலைய வேண்டாம். நான் தென்காசியில்தான் இருக்கிறேன்.

என் அக்கா எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு இருபது வயது. பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் படித்திருந்தேன் (தேறவில்லை, அது வேறு கதை). மாப்பிள்ளை வீடும் அந்த ஊர்தான். தேதி குறித்த அன்றே சம்பந்தியம்மா, "கோயில்ல தாலி கெட்டி முடிஞ்சதும் கேக் வெட்டணும் அண்ணாச்சி. எங்க பக்கம் அதில்லாம கல்யாணம் கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அரிசிக்கடை. அரசாங்கம் கிலோ, லிட்டர் என்று பயமுறுத்திக்கொண்டிருந்த காலம். அப்பா மசியவில்லை, அரிசி அளக்கிற மரக்காலும் படியும்தான் அவருக்கு உலகம். கேக் என்றால் கிறிஸ்துமஸுக்கு யாராவது கொடுத்தனுப்பும் ஒரு துண்டு, அவ்வளவே. அக்காதான் பயந்துபோனாள்.

"மொத நாளே அந்த வீட்டுல என்னைய எளப்பமா நெனச்சிரக் கூடாதுலே."

"நான் செய்யுதேன். பாளையங்கோட்டையில பாத்திருக்கேன்" என்றேன். பார்த்தது உண்மை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மாப்பிள்ளை பெண் பார்த்தது சாரல் காலத்தில், ஐந்தருவியில் (இரண்டு குடும்பமும் 'தற்செயலாக' ஒரே நாளில் குளிக்கப் போயிருந்தன). ஆகவே கேக்கும் ஐந்தருவிதான், மூன்று அடுக்கு என்று அறிவித்தேன். அப்பா கொடுத்த காசுக்குக் கேக் கடையில் ஓர் அடுக்குதான் கிடைத்தது, அதுவும் சின்னது. மீதிக்கு என்ன செய்வது? கடையிலிருந்த மரக்காலைத் தூக்கி வந்து கவிழ்த்து, அதன்மேல் படியைக் கவிழ்த்து, உச்சியில் நிஜக் கேக்கை வைத்தேன். கேக்குக்கு மட்டும் முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துப் பூசினேன். கீழே இரண்டுக்கும் சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசை. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, பசைமேல் ஐந்து அருவி இறக்கினேன் (நீலம் கேக்கில் படவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது). பாறைக்குக் கருப்பட்டி, காட்டுக்குக் கறிவேப்பிலை. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கும்போது எனக்கே குளிரெடுத்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியே யாரும் பார்க்காமல் துணி போட்டு மூடி மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை சமையல்காரர் வந்து நின்றார். "அரிசி அளக்கணும் அண்ணாச்சி. மரக்கால் எங்க?"

கல்யாண அரிசியைச் சொந்த மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். "இங்கனதானலே இருந்துச்சு!" என்று வீட்டையே புரட்டிப் போட்டார். நானும் தேடினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். கடைசியில் சமையல்காரர் கைமதிப்பாக அரிசியைப் போட, அப்பா கடுகடுத்த முகத்தோடு கோயிலுக்குக் கிளம்பினார்.

தாலி கட்டியாயிற்று. பக்கத்து மண்டபத்தில் கேக்கின் மேலிருந்த துணியை நான் விலக்கியதும் கூட்டம் 'ஆ' என்றது. "பரவால்லியே, தென்காசியிலயும் இதெல்லாம் தெரியுதே" என்றார் சம்பந்தியம்மா. அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், அப்பாவைத் தவிர.

அவர் கண் அடி அடுக்கிலேயே நின்றது. அதன் விளிம்பில் ஒரு நெளிவு. முப்பது வருஷமாக அவர் கைபட்ட நெளிவு. மரக்காலைக் கவிழ்த்து வைத்தால் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவர் அவர். கடையில் யாராவது மறந்து கவிழ்த்தால் அன்றைக்கு வேலை போச்சு. அதுதான் இப்போது மகள் கல்யாணத்தில், ஊர் பார்க்க, கவிழ்ந்து நிற்கிறது.

'ஆமென்' வரைக்கும் பொறுத்தார்.

"ஏலே, இது நம்ம மரக்கால்லா!"

நேரே போனார். கேக்கைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். படியைத் தூக்கிப் போதகர் கையில் கொடுத்தார். மரக்காலை நிமிர்த்தி வைத்துப் புதுத் துண்டால் துடைத்தார். கருப்பட்டி உருண்டோடியது. ஐந்தருவி அவர் வேட்டியில் இறங்கியது.

"பிள்ள கல்யாணத்துல இதைக் கவுத்தியாலே வைப்ப?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. சம்பந்தியம்மா மெல்ல வந்து மரக்காலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்பம் இதுக்குள்ள கேக் இல்லியா?"

"அரிசி அளக்குததும்மா" என்றார் அப்பா, பரிதாபமாக.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அக்காவைப் பக்கத்தில் இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "வெறும் மரக்காலா தராதீய அண்ணாச்சி. நெறைச்சுக் குடுங்க, எம் மருமவளோட கொண்டு போறோம்" என்றார்.

அப்பா தலைதட்ட அரிசி நிறைத்து அனுப்பினார். நிஜக் கேக் ஆளுக்கு ஒரு பொட்டு வந்தது. பின்னால் நின்றவர்களுக்குக் கறிவேப்பிலைதான்.

அந்த மரக்கால் இன்னும் அக்கா வீட்டில் இருக்கிறது. விளிம்பு நெளிவில் ஏறிய நீலம் போகவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யார் கேக் வாங்கி வந்தாலும், கத்தியை எடுக்கும் முன் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் பழகிவிட்டது. இதைத் தொடங்கி வைத்தவர் அக்காவின் மாமியார். என் கல்யாணத்துக்கு அவரே பாளையங்கோட்டையிலிருந்து மூன்றடுக்குக் கேக் செய்து கொண்டுவந்தார். சபை முன்னால் ஒவ்வோர் அடுக்காகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீய அண்ணாச்சி, எதையும் கவுக்கல."