கர்னலின் வயிறும் டார்லாவின் தலைப்பும்

தேடும் மனிதர்களில் பல இனங்கள் உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுபவர், நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுபவர் என்று அவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே உங்கள் முன் நிறுத்தப்போவது வேறோர் இனம்: ஆராய்ச்சித் தலைப்பு தேடுபவர். அதிலும் குதிரை ஆராய்ச்சித் தலைப்பு. வேலிக்கு வேலி குதிரை தலைநீட்டும் எங்கள் கென்டக்கிப் பக்கத்தில் இந்த இனம் நன்றாகவே செழிக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். தலைமுடியில் வைக்கோல் இருக்கும். சட்டைப் பையில் குதிரைக்கென்று வாங்கித் தாமே பாதி தின்றுவிட்ட பெப்பர்மின்ட் இருக்கும். "தலைப்பு என்னாச்சு?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்" என்பார்கள். அந்த 'இன்னும் கொஞ்சம்' எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அழுதுவிடுவார்கள்.

அறிவுலகத்துக்காக ஆராய்வதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். நொண்டும் குதிரை வைத்திருப்பவர் குளம்பை ஆராய்வார். கடிக்கும் குதிரை வைத்திருப்பவர், கடிபட்டவர்களின் உடல் வாசனையை ஆராய்வார். இதே இனத்து மாணவன் டெல்மர் பிக்கெட் போன வருடம் சந்தையில் ஊரே பார்க்கக் குதிரையிலிருந்து விழுந்தான். அன்றிலிருந்து காற்றடிக்கும் திசைக்கும் குதிரைக் காதுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருக்கிறான். "குதிரை உன்னைத் தள்ளிவிட்டுருச்சாமே?" என்று கேட்டால், "தள்ளல. காத்து மாறுச்சு" என்பான்.

இந்த இனத்தின் மகாராணி டார்லா ஹெம்ப்ஹில். அவளுடைய குதிரையின் பெயர் கர்னல். ஓடிய பந்தயங்களிலெல்லாம் மற்றக் குதிரைகளின் வாலை மட்டுமே பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற குதிரை. அது வேலிக் கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதே என்று முதலில் அதையே தலைப்பாக்கினாள். கேமரா மாட்டிய அன்றே கர்னல் கட்டைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டது. நீல வாளியைக் கண்டால் மிரளுகிறதே என்று அச்சத்தைத் தலைப்பாக்கினாள். அடுத்த நாள் நீல வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு தூங்கியது. குதிரைக்குப் பொறாமை உண்டா என்று பார்க்க, கர்னலின் கண்ணெதிரே டெல்மரின் குதிரையைக் கொஞ்சினாள். பொறாமைப்பட்டது டெல்மர்தான்.

இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி, பொறுமைக்குப் பெயர்போன ஸ்டல்லர்ட் பேராசிரியை ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

"இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தலைப்பைச் சொல்லிடும்மா. இல்லேன்னா உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீ அப்பாவோட கம்பளக் கடையைப் பாத்துக்கலாம்."

கம்பளக் கடை! கம்பளம் கடிக்குமா, மிரளுமா, காதை அசைக்குமா? வாழ்நாள் முழுவதும் அதை விரித்துச் சுருட்டுவதா?

வெள்ளிக்கிழமை விடிந்தது. கர்னல் தீவனத்தைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைக் கீறியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இது குதிரையின் வயிற்றுவலி, உயிரைக் குடிக்கும் வலி. டார்லாவுக்குத் தெரியாதா? முதலாண்டு மாணவர்களுக்குப் படம் போட்டுப் பாடம் நடத்தியவளே அவள்தான்!

ஆனால் தலைப்பு தேடுபவரின் கண்ணுக்கு வலி தெரியாது, தலைப்புதான் தெரியும். "தன்னைத்தானே திரும்பிப் பாக்குதே! குதிரைக்கும் சுயசிந்தனை இருக்கு!" என்று குதித்தாள். கிட்டே போய்த் தொட்டால் அதன் இயல்பு கெட்டுவிடும் என்று எட்டவே நின்றாள். கம்பளக் கடை கண்ணிலிருந்து மறைந்தது.

காலை நகர்ந்தது. கையில் சுடச்சுட, எங்கள் பக்கத்தில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்து ரொட்டியும் குழம்புமாக டெல்மர் வந்தான். ஒரு நிமிடம் பார்த்தான்.

"ஏய், இது என் தலைப்பு! காதைப் பாரு, காத்து வடக்கேருந்து வருது."

"உன் காத்தை நீயே வச்சுக்கடா. அவன் பாக்கறது வயித்தை."

"வயித்தைப் பாத்தா பசின்னு அர்த்தம்."

"பசின்னா ஏன் தீவனம் அப்படியே கெடக்கு?"

எதிராளியை மடக்கக் கேட்ட கேள்வி அவளையே மடக்கியது. பிறகு அவள் கண் தரையை மேய்ந்தது. நேற்றிரவு போட்ட வைக்கோல். அதில் ஓர் உருண்டை லத்திகூட இல்லை.

"டெல்மர்... ராத்திரிலேருந்து இவன் லத்தியே போடலடா."

கர்னல் முழங்காலை மடித்துப் பொத்தென்று விழுந்து புரளப் பார்த்தது. டார்லா போட்ட அலறலில் ஆராய்ச்சி எதுவும் இல்லை.

அதைக் கேட்டு, குதிரை வைத்தியருமான ஸ்டல்லர்ட் பேராசிரியை மருத்துவப் பையோடு ஓடிவந்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"எப்பலேருந்து இப்படி?"

"காலையிலேருந்து, மேடம்."

"இதுவரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"கவனிச்சிட்டிருந்தேன், மேடம்."

பேராசிரியை அவளை நகர்த்திவிட்டுப் பையைத் திறந்தார்.

ஊசி போட்டார். மூக்கு வழியே குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது வால் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. டார்லா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "செத்துப்போயிடாதடா ராஜா, எனக்குத் தலைப்பே வேணாம்" என்று அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் மனதாரச் சொன்னாள். டெல்மர் பின்னால் நடந்தான், கர்னலின் வாலிலிருந்து கண்ணை எடுக்காமல், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

வெயில் சாயும் நேரத்தில் வால் உயர்ந்தது. தொப். தொப், தொப்.

"போட்டுட்டான்!" என்று கத்திக்கொண்டு டெல்மர் தொப்பியைத் தூக்கி எறிந்தான். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பேராசிரியைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இதற்காகப் பழைய விஸ்கி பாட்டிலைத் திறந்து கொண்டாடியவர்கள் உண்டு.

கையைக் கழுவிக்கொண்டே பேராசிரியை கேட்டார்: "சாயங்காலம் ஆயிடுச்சு. தலைப்பு?"

டார்லா மூக்கை உறிஞ்சினாள். "குதிரைக்கு வயித்துவலின்னு நல்லாத் தெரிஞ்சவங்க, டாக்டரைக் கூப்பிடாம ஏன் நின்னு வேடிக்கை பாக்கறாங்க?"

"பலே. உன் குதிரையைப் பத்தி இல்லாத முதல் தலைப்பு," என்றார் பேராசிரியை. "இந்தத் தடவை உன்னைப் பத்தினது."

இடம் தப்பியது. திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமையே போய், "மாடு வச்சிருக்கறவங்களையும் சேத்துக்கலாமா, மேடம்? இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு..." என்று ஆரம்பித்தாள். மாட்டோடு நிற்கவில்லை. தெரிந்தும் சும்மா நின்ற எவராக இருந்தாலும் தன் ஆராய்ச்சிக்கு ஆகும் என்று இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"நான் கென்டக்கியிலும் இல்லை, என்னிடம் குதிரையும் இல்லை" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் ரொம்ப நாளாக ஒன்றைப் பற்றி "கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவருகிறீர்களே, அது இன்னும் நிற்கிறதா, படுத்துவிட்டதா?