முன்பல் இல்லாத மயில்

ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு டான்ஸ் போட்டி. போட்டோ எடுக்க ஒரு கேமரா பாக்கணும். வேலை அவ்ளோதான்.

இதுல சொதப்பறதுக்கு இன்னா இருக்குதுன்னு தோணுதா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

போன போட்டியில என் போன்லதான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு படத்துலயும் ஆளே இல்ல. செவப்பா ஒரு புகை, மஞ்சளா ஒரு புகை. என் பொண்ணு யசோ ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. போனை வாங்கி தள்ளித் தள்ளிப் பாத்தா.

"இதுல நான் எதுப்பா?"

"அந்த செவப்புப் புகை நீதான் கண்ணு."

சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல.

"எல்லா அப்பாவும் ஸ்டேட்டஸ் வெச்சாங்க. நீ மட்டும்தான் வெக்கல"ன்னு சொல்லிட்டு போய் சுவரைப் பாத்து படுத்துக்கிச்சு. எனக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு.

இந்த வாட்டி மயில் டான்ஸ். பாட்டு முடியறப்ப எல்லா மயிலும் ஒரே நேரத்துல எகிறிக் குதிக்கும். "நான் மேல இருக்கும்போது எடுப்பா. அது ஒண்ணு போதும்"ன்னு கேட்டா. நானும் அவ தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

சத்தியம் பண்ணவன் சும்மா ஒரு கடைக்குப் போயிருக்கலாம். நான் ட்ரெயின்ல கேட்டேன்.

எங்க ஊரு கதை தெரிஞ்சதுதானே. மைன்ஸ் மூடினப்புறம் கோலார் தங்கவயல்ல பாதிப் பேருக்கு வேலை பெங்களூர்லதான். இருட்டோட ட்ரெயின் ஏறுவோம், இருட்டோட வந்து எறங்குவோம். நாங்க ஏறற பொட்டிக்கு நாங்களே வெச்ச பேரு கேஜ். சுரங்கத்துக்குள்ள ஆளுங்களை அடைச்சு எறக்குவாங்களே, அந்த இரும்புக் கூண்டோட பேரு. ஒரு நாள் ஏறிப் பாருங்க, ஏன் வெச்சோம்னு புரியும்.

அந்தக் கேஜ்ல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "கொழந்தைங்க டான்ஸ் எடுக்க எந்தக் கேமரா நல்லதுபா?"ன்னு கேட்டுட்டேன்.

தூங்கிட்டு இருந்தவன் எல்லாம் எந்திரிச்சுட்டான்!

"போன் போதும்டா"ன்னான் தாமஸ். தாமஸ் என் கூடப் படிச்சவன். ஊரிகம் ஸ்டேஷன்ல ஏறுவான். அவன் பொண்ணு ஜெனியும் என் பொண்ணும் ஒரே டான்ஸ் கிளாஸ், ஒரே மயில் கூட்டம். "கை ஆடாம புடிச்சா போன்லயே சூப்பரா வரும். உன் கை ஆடுது, அதுக்குக் கேமரா இன்னா பண்ணும்?"

"சும்மா இரு அண்ணா, போன்லாம் வேஸ்ட்"ன்னான் கார்த்தி. ஐடி கம்பெனி பையன். மூணு வார்த்தையில ஒண்ணு கன்னடம், ஒண்ணு இங்கிலீஷ். "மிரர்லெஸ் எடுங்க குரு. சக்கத்தா இருக்கும்!"

கண்ணாடி இல்லாத கேமரா எப்படி நல்லா இருக்கும்னு ஒருத்தரு கேட்டாரு. லென்ஸே கண்ணாடிதானேன்னு இன்னொருத்தரு. கல்யாண வீட்ல பாத்தேன், ட்ரோன்தான் பெஸ்டுன்னாரு சீட்டாடிக்கினு இருந்தவரு. ஹாலுக்குள்ள ட்ரோனா! பேன்ல மாட்டுமேன்னு கேட்டா, பேனை நிறுத்தச் சொல்லுன்றாரு.

பங்காரப்பேட்டை தாண்டறதுக்குள்ள கேஜ் ரெண்டு கட்சியா பிரிஞ்சு போச்சு. கேள்வி கேட்ட என்னை யாருமே கண்டுக்கல.

சனிக்கிழமை வேலை முடிச்சுட்டு கார்த்தியோட கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரரு நல்ல மனுஷன், தமிழ்லயே பேசினாரு.

"ஹால்ல வெளிச்சம் எப்படி சார்?"

"கலர் கலரா சுத்தும். நடுநடுவுல இருட்டாயிடும்."

"எவ்ளோ தூரத்துல உக்காருவீங்க?"

"யாரு உக்கார விடறது? எல்லா அப்பாவும் மேடைக்கு முன்னாடிதான் நிப்பாங்க. நான் அவங்க முதுகுக்குப் பின்னாடி."

"பசங்க எப்படி ஆடுவாங்க?"

"ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க."

அவரு யோசிச்சாரு. ஆட்டம் வேகமா இருந்தா ஷட்டர் வேகமா இருக்கணும், வெளிச்சம் கம்மின்னா லென்ஸோட வாய் பெருசா இருக்கணும்னாரு. பிளாஷ் மட்டும் அடிச்சுடாதீங்க, கண்ணு கூசி கொழந்தை தடுக்கி விழும்னாரு. "இப்ப வாங்காதீங்க. வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க, திங்கக்கிழமை குடுங்க. புடிச்சிருந்தா அப்புறம் பேசலாம்."

எடுத்துக் குடுத்தாரு பாருங்க ஒண்ணு! லென்ஸ் மட்டுமே எங்க வீட்டு ரசச் சொம்பு சைஸு.

"இதுல ஒரு வித்தை இருக்குது சார்"ன்னாரு. "ஸ்கிரீன்ல ஒரு முகத்தை விரலால தொடுங்க. மஞ்சக் கட்டம் வரும். அப்புறம் அந்த முகம் ஓடினாலும் ஆடினாலும் கேமரா அதை விடவே விடாது. யாரு குறுக்க வந்தாலும் அதையேதான் புடிச்சு நிக்கும்."

"என் பொண்ணு முகத்தைத் தொட்டா போதுமா?"

"தொட்டா போதும் சார். மிச்சத்தை அது பாத்துக்கும்."

இதுக்கு மேல இன்னா வேணும்? எனக்கு அப்பவே பரிசு வாங்கின மாதிரி இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப கேஜ்ல கேமரா கை மாறிக்கினே இருந்துச்சு. "இன்னாடா இது, பீரங்கியா?"ன்னான் தாமஸ். அப்புறம் அவனே முடியைக் கோதிக்கினு, "என்னை ஒண்ணு எடு"ன்னான்.

ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து பாத்தா வீட்ல யாரும் இல்ல. மேக்கப் போட யசோவை டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா என் வீட்டுக்காரி அமுதா. சரி, ஆடற பொருளை எடுத்துப் பழகலாம்னு எங்க லைன் வீட்டு வாசல்ல மேயற கோழிங்களை எடுத்தேன். ஒரு சேவல் மூஞ்சியைத் தொட்டேன். மஞ்சக் கட்டம் அதை விடவே இல்ல. சேவல்தான் கடுப்பாகி என்னைத் துரத்துச்சு. ஓடிக்கினே எடுத்தேன், அதுவும் தெளிவா வந்திருந்துச்சு!

ஹாலுக்குள்ள நுழையறப்ப எனக்கு அவ்ளோ தெனாவட்டு.

வாசல்லயே பேட்ஜ் குத்தின ஒருத்தரு ஓடி வந்து கையைப் புடிச்சாரு. "இன்னா சார் இவ்ளோ லேட்டு? வாங்க வாங்க, கெஸ்ட்டு வந்துட்டாரு!"

"சார், நான் வந்து..."

"அப்புறம் பேசலாம், மொதல்ல சால்வை போடறதை எடுங்க!"

அவங்க சொல்லி வெச்ச போட்டோகிராபர் வரலியாம். பீரங்கியைப் பாத்ததும் நான்தான் அவருன்னு முடிவு பண்ணிட்டாங்க. சால்வை எடுத்தேன், குத்துவிளக்கு எடுத்தேன், கெஸ்ட்டு மைக்கைத் தட்டறதை எடுத்தேன். ஆனா ஒரு லாபம், மேடைக்குக் கீழ நடுவுல எனக்கு தனியா ஒரு சேர் போட்டாங்க! எல்லா அப்பாவும் ஓரத்துல கயிறுக்குப் பின்னாடி. தாமஸும் அங்கதான் போனைத் தூக்கிப் புடிச்சுக்கினு நின்னான். நான் அவனைப் பாத்து லேசா தலையாட்டினேன், பெரிய மனுஷன் மாதிரி.

பாட்டு ஆரம்பிச்சுது. மயிலுங்க வந்துச்சு.

எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

எல்லாம் ஒண்ணு போலவே இருக்குது! மூஞ்சி பூரா நீலம். கண்ணு மை காது வரைக்கும். நெத்தியை மூடி கொண்டை. ஒரே உயரம், ஒரே தோகை. இதுல என் பொண்ணு எது?

பதறாதடா, யோசின்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். சட்டுனு ஞாபகம் வந்துச்சு. பல்லு! என் பொண்ணுக்கு மேல முன்பல் இல்ல. விழுந்த பல்லை எங்க வீட்டுத் தகரக் கூரை மேல எறிஞ்சவனே நான்தானே. 'டிங்'குன்னு சத்தம் கேட்டதும் ரெண்டு பேரும் கை தட்டினோமே!

நடுவுல ஒரு மயில் சிரிச்சுது. முன்பல் இல்ல.

தோ, என் தங்கம்! விரலால தொட்டேன். மஞ்சக் கட்டம் கப்புனு புடிச்சுக்கிச்சு.

அப்புறம் நடந்ததை நானே நம்பல. சுத்தினா, எடுத்தேன். குனிஞ்சா, எடுத்தேன். தோகையை விரிச்சா, எடுத்தேன். அடேங்கப்பா, இன்னா ஆட்டம்! எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பக்கத்துல இருந்த ஜட்ஜு கிட்ட, "அது என் பொண்ணு சார்"ன்னு வேற சொன்னேன். அவரு சேரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கினாரு.

ஓரத்துல ஒரு மயில் மட்டும் ஸ்டெப்பை விட்டுட்டு என்னையே மொறைச்சு மொறைச்சுப் பாத்துச்சு. ஒரு தடவை கையைக் கூட ஆட்டுச்சு. யாரு பெத்த புள்ளையோ, கேமராவைப் பாத்தா போதும், ஆட்டத்தையே மறந்துடுதுங்கன்னு நெனச்சேன்.

கடைசியில எல்லாம் ஒண்ணா எகிறிச்சு. கரெக்டா அமுக்கினேன். ஸ்கிரீன்ல பாத்தா ரெண்டு காலும் தரைக்கு மேல, தோகை பறக்குது, சிரிப்பு வாய் கொள்ளல. சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்டா!

மேடைக்குப் பின்னாடி அமுதாவும் மத்த அம்மாங்களும் நின்னுக்கினு இருந்தாங்க. ஒரு மயில் மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. "காட்டுப்பா, காட்டுப்பா!"

கேமராவைத் தாழ்த்திக் காட்டினேன்.

"இது ஜெனி"ன்னுச்சு.

அடுத்தது.

"இதுவும் ஜெனி."

அடுத்தது, அடுத்தது, அடுத்தது.

"ஜெனி... ஜெனி... ஜெனி..." கொஞ்ச நேரத்துல குரலே எறங்கிப் போச்சு. ஒரு படத்துல ஓரமா நீலமா ஏதோ தெரிஞ்சுது. அதுல விரலை வெச்சா. "இது என் தோகை."

"நீ... எங்க கண்ணு நின்ன?"

"ஓரத்துல. உனக்கு டாட்டா கூட காட்டினேனே!"

அமுதா என் கையில இருந்து கேமராவை வாங்கிப் பாத்தா. "இன்னாங்க, நம்ம பொண்ணை ஒண்ணு கூட எடுக்கலியா?"

"பல்லைப் பாத்துதான் எடுத்தேன் அமுதா! முன்பல் இல்லாத மயிலு..."

"ஐய! அந்தப் பல்லு முளைச்சு எவ்ளோ நாளாச்சு!" அவ யசோ முகத்தை என் பக்கம் திருப்பினா. "காட்டுடி உங்கப்பனுக்கு."

யசோ "ஈ"ன்னா.

முழுப் பல்லு. வெள்ளை வெளேர்னு, கொஞ்சம் கோணலா, பெருசா.

நான் போறப்ப தூங்கிக்கினு இருப்பா, வர்றப்பவும் தூங்கிக்கினு இருப்பா. ஞாயித்துக்கிழமை அவ டான்ஸ் கிளாஸுக்குப் போவா, நான் தூங்குவேன். தூங்கற கொழந்தை வாயை மூடிக்கினுதானே தூங்கும்? பல்லு வந்ததை நான் எங்க பாக்கறது? சேவலை அவ்ளோ தெளிவா எடுத்தவன் பெத்த பொண்ணை விட்டுட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு.

யசோ உதட்டைப் பிதுக்க ஆரம்பிச்சா. கண்ணு மை வழிஞ்சா மயிலு பூதமாயிடும்னு அமுதா முந்தானையைத் தேடறா.

அந்த நேரம் பாத்து தாமஸ் போனை ஆட்டிக்கினே வந்தான்.

"டேய் பீரங்கி! போன் போதும்னு சொன்னேனா இல்லியா? தோ பாரு, என் பொண்ணு எப்படிப் பறக்கறான்னு!"

பாத்தேன். ஒரு மயில் அந்தரத்துல நிக்குது. கயிறுக்குப் பின்னாடி இருந்து எடுத்ததுல அந்த ஓரத்து மயிலுதான் கிட்டக்க விழுந்திருக்குது. வாயைத் தொறந்து சிரிக்குது. முழுப் பல்லு. வெள்ளை வெளேர்னு, கொஞ்சம் கோணலா.

"அது நானு!"ன்னு கத்தினா யசோ.

தாமஸ் சிரிச்சான். "போம்மா, இது ஜெனி. பல்லைப் பாத்துதானே எடுத்தேன். உனக்குதான் முன்பல் இல்லியே, உங்கப்பா கேஜ்ல சொல்லியிருக்கானே."

அவன் பின்னாடி இருந்து ஜெனி எட்டிப் பாத்தா. "ஈ"ன்னா. நடுவுல ஓட்டை.

"ஐயையோ! எப்ப விழுந்துச்சு?"ன்னான் தாமஸ்.

"புதன்கிழமை. நீ தூங்கிட்டப்பா."

நானும் தாமஸும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கினோம். அமுதாதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் தாமஸோட வீட்டுக்காரம்மா. அப்புறம் ரெண்டு மயிலும் வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சுதுங்க. கடைசியா, வேற வழி இல்லாம, நாங்க ரெண்டு பேரும்.

அங்கயே நின்னு படத்தை மாத்திக்கினோம். யசோ அந்தரத்துல நிக்கற படத்தை அன்னைக்கே ஸ்டேட்டஸ் வெச்சேன். நல்ல கேமரா எதுன்னு கேட்டு நெறைய பேரு மெசேஜ் போட்டாங்க. தாமஸ் போன்ல எடுத்ததுன்னு சொல்ல மனசு வரல.

திங்கக்கிழமை கேமராவைத் திருப்பிக் குடுத்தேன்.

"போட்டோ எப்படி சார் வந்துச்சு?"ன்னு ஆசையா கேட்டாரு கடைக்காரரு.

"பிரமாதமா வந்துச்சு சார். என் பொண்ணு இல்ல, என் கூடப் படிச்சவனோட பொண்ணு."

அவருக்குப் புரியல. வாடகையைக் குடுத்துட்டு ட்ரெயினுக்கு ஓடினேன்.

இப்பல்லாம் ட்ரெயினுக்கு ஓடறதுக்கு முன்னாடி யசோவை ஒரு நிமிஷம் எழுப்பறேன். தூக்கத்துலயே "ஈ"ன்னு காட்டிட்டு மறுபடி படுத்துக்குவா. தாமஸும் அவன் வீட்ல அதேதான் பண்றான். கேஜ்ல ஏறினதும் மொதல்ல நாங்க பேசிக்கறது பல்லு நிலவரம்தான்.

யசோவுக்குக் கீழ் வரிசையில ஒண்ணு ஆடிக்கினு இருக்குது, இந்த வாட்டி அமுதாவுக்கே நான்தான் சொன்னேன்.