வெள்ளெலிக்கு வைத்த விருந்து

எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. ரெண்டு கூண்டு வெள்ளெலிக்கு வேளாவேளைக்குச் சோறு போடணும்.

யுத்த சமயம். தூத்துக்குடி துறைமுகத்துல சுமை தூக்குற ஆளுகளுக்குன்னு இருந்த ஆஸ்பத்திரியில நான் கம்பவுண்டர். அவங்களுக்கு அளந்த அரிசி, மில்லுல தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. அதையே தின்னு ஆளுகளுக்குக் கால் மரத்து வீங்கிப்போச்சு. "தவிடு போகாத அரிசி குடுங்க"ன்னு டாக்டர் கேட்டார். "அரிசியாலதான் சீக்குன்னு ருசு எங்க? நிரூபிச்சுக் காட்டும்"னுட்டார் அரிசி காண்ட்ராக்டர்.

ருசுவுக்குத்தான் எலி.

"ஏன் சார், வேற பிராணியே கிடைக்கலையா?"ன்னேன்.

"உடம்புக்குள்ள அதுவும் நம்மள மாதிரிதான்யா. ஆயுசு கம்மி, அதனால சீக்கும் சீக்கிரம் தெரிஞ்சிரும். சின்ன எடத்துல அடங்கிக் கிடக்கும், எதிர்த்துப் பேசாது."

சுமை தூக்குறவனும் அப்படித்தான கிடக்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சம்பளத்த நெனச்சு முழுங்கிட்டேன்.

ஒரு கூண்டுக்கு வெறும் வெள்ளைச்சோறு. இன்னொண்ணுக்குத் தவிட்டரிசிச் சோறு. வேற எதையும் கண்ணுல காட்டக்கூடாது. ஆஸ்பத்திரியில பூனைத் தொல்லைன்னு கூண்டுகள என் வீட்டுல வைக்கச் சொன்னார். என் வீடு திரேஸ்புரத்துல, மீன் காயப்போடுற தெருவுல. ஊர்ப் பூனை மொத்தமும் அங்கனதான் குடியிருக்கு. அதச் சொல்ல எனக்குப் புத்தி வரல.

பூனைய வெரட்டுறது, எலிக்குச் சோறு வைக்குறது ரெண்டையும் என் பொண்டாட்டி மரியாகிட்ட விட்டேன். அங்கதான் கெட்டுது.

ஒருநாள் டாக்டரும் காண்ட்ராக்டரும் எலி பாக்க வந்தாங்க. வெள்ளைச்சோத்து எலி ஒவ்வொண்ணும் மாப்பிள்ளை மாதிரி கொழுத்து மினுங்குது.

"பாத்தீரா டாக்டரே, நம்ம அரிசிய?"ன்னு காண்ட்ராக்டர் மீசையத் தடவுனார். டாக்டர் மூஞ்சி செத்துப்போச்சு. நான் மரியாவக் கூப்பிட்டேன்.

"ஏளா, எலிக்கு என்ன போட்ட?"

"வீட்டுக்கு வந்த உசுருக்கு வெறுஞ்சோறா போடுவாக? மீன் கொழம்பு ஊத்திப் பெசஞ்சு, கொஞ்சம் செனையும் வச்சேன்."

"ரெண்டு கூண்டுக்குமா?"

"இந்தக் கூண்டுக்குத்தான். இதுகதான் நடக்க முடியாம மூலையில சுருண்டு கிடந்துச்சு. மத்ததுக்குத்தான் ஒரு கொறையும் இல்லயே."

டாக்டர் துள்ளி எந்திரிச்சார். "கேட்டீங்களா? வெள்ளைச்சோறு தின்னதுகதான் விழுந்திருக்கு. இதுக்கு மேல என்ன ருசு வேணும்?"

காண்ட்ராக்டர் அசரல. "கொழம்பு ஊத்துன கணக்கு எப்படிச் செல்லும்? புது எலி வரட்டும், மொதல்ல இருந்து பாப்போம்."

புது எலி இன்னும் வரல. அதுவரைக்கும் சுமை தூக்குற ஆளுக மேலதான் சோதனை நடக்குது.