லொகேஷன் சாமியும் துறைமுக ஊர் வீடும்

மாடிப்படி முழுக்கக் கூட்டம். நகல் எடுக்கும் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், லொகேஷன் சாமி அருள்பாலிக்கிறார். மற்ற சாமியார்கள் உள்ளங்கையைப் பார்த்தார்கள். இவர் உள்ளங்கையில் இருக்கும் போனைப் பார்க்கிறார். என்னே முன்னேற்றம்!

பக்தர் முதலில் சாமியின் வைஃபையில் சேர வேண்டும். பிறகு தன் போனிலுள்ள மெயில் செயலியிலிருந்து வெளியேறி, மனமுருகி மறுபடி நுழைய வேண்டும். உடனே, "புதிய நுழைவு" என்று ஊர்ப்பெயரோடு ஓர் அறிவிப்பு வரும். மனசு எந்த ஊரில் மேய்கிறதோ அந்த ஊராம் அது! படித்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்று தையல்காரம்மா தன் கணவனை இழுத்து வந்திருந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாதமாக வீட்டுக்குத் தாமதமாக வருகிறான் என்பது புகார். கூடவே அவன் தங்கை. இணையக் கம்பெனியில் லைன் பழுது பார்ப்பவள், வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

மெக்கானிக் செயலியில் நுழைந்தான். 'டிங்!' ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துறைமுக ஊரின் பெயர் வந்தது.

சாமி உச்சுக்கொட்டினார். "அங்க இவருக்கு இன்னொரு வீடு இருக்கும்மா."

"அந்த ஊர்ப் பக்கமே நான் போனதில்லைங்க!"

"போதும். பெட்டி கட்டியாச்சு. நான் அம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்" என்றாள் மனைவி. பதினோரு வருஷக் குடித்தனம் ஒரு 'டிங்'கில் முடியப் பார்த்தது.

"பரிகாரம் இருக்கு. ஏழு வாரம் வரணும்" என்றார் சாமி.

தங்கை முன்னால் வந்தாள். "அண்ணி, கொஞ்சம் பொறுங்க. சாமி, உங்க போன்லயும் ஒரு தடவை நுழைஞ்சு காட்டுங்களேன்."

"நான் எங்கும் நிறைஞ்சவன். எனக்கு ஏதும்மா இருப்பிடம்?"

"அப்ப எல்லா ஊர்ப் பேரும் வரட்டும், பார்ப்போம்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. யார் குட்டு உடைந்தாலும் கூட்டத்துக்குப் பிடிக்கும். சாமி வேறு வழியில்லாமல் நுழைந்தார். 'டிங்!' அதே துறைமுக ஊர்.

"சாமிக்கும் அங்கயே வீடா? ஒரே தெருவோ?" என்றது படியிலிருந்து ஒரு குரல்.

தங்கை வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "அண்ணா, இப்ப உன் சிம் இணைப்புல நுழை." 'டிங்!' இந்த முறை வடக்கே ஒரு மலை ஊர்.

"அஞ்சு நிமிஷத்துல அண்ணன் மலையேறிட்டாரு பாருங்க அண்ணி! செயலிக்கு ஆளைத் தெரியாது, இணைப்போட எண்ணைத்தான் தெரியும். அந்த எண் கம்பெனியோட எந்த ஊர் ஆபீஸ்ல பதிவாயிருக்கோ, அந்த ஊரைச் சொல்லிடும். இந்த வைஃபைல யார் நுழைஞ்சாலும் துறைமுக ஊர்தான். 'என் ஊர் தப்பா காட்டுது'ன்னு ரெண்டு மாசம் முன்னாடி புகார் கொடுத்தீங்களே சாமி, வந்து விளக்கிச் சொன்னது நான்தானே? அடுத்தவன் மனசெல்லாம் தெரியுது, என் முகம் தெரியலையா?"

எங்கும் நிறைந்த சாமியை அதற்குப் பிறகு அந்த அறையில் மட்டும் காணவில்லை.

"அப்ப ஏன் தினம் லேட்டு?" என்றாள் மனைவி, இன்னும் விறைப்பாக.

"ஆஸ்பத்திரில லிஃப்ட் மாத்துறாங்க. நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தானே!"

அவள் தலை குனிந்தாள். அந்த அறிவிப்பின் அடியில், "இது தோராயமான இருப்பிடம்" என்று பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற ஒருவருக்கும் அதைப் படிக்க மூன்று நொடி கிடைக்கவில்லை. போன் எந்த ஊரை வேண்டுமானாலும் காட்டட்டும் ஐயா. உங்கள் மூளை மட்டும் தலைக்குள்ளேயே இருக்கட்டும்!