அருளப்பன் உயிருடன் இருக்கிறார்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் சாகடித்திருக்கிறேன். கத்தி இல்லை, விஷம் இல்லை, ஒரு மைக் மட்டும்தான். அப்போது எனக்கு வயது பதினாறு. இறந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் கல்யாணம், புதுநன்மை, மொட்டை என்று எது நடந்தாலும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. தப்பு என்மேல் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் பாடகர் குழுவில் நான் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். வயலின் என்னுடையது இல்லை, குழுவை நடத்திய மாஸ்டருடையது. அவருக்கு வேறு ஊர்ப் பங்குக்கோயிலுக்கு மாற்றலாகிவிட்டது. மாதக் கடைசியில் அவரும் போவார், வயலினும் போகும். எனக்கு அழுகை அழுகையாக வந்த அந்த வாரத்தில்தான் கோயில் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள். ‘அருளப்பன் மரியபுஷ்பம் நினைவு இசை உதவித்தொகை. உள்ளூர் மாணவ மாணவியருக்கு மட்டும்.’ தேர்வாகும் இரண்டு பேருக்குச் சொந்தமாக ஒரு வாத்தியம், அதோடு அரியலூரில் இரண்டு வருடம் முறையான வகுப்பு.

(உள்ளூர் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அதற்கே எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்தபோது எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம். அப்புறம் அரியலூர் என்றார்கள். அடுத்து, இல்லை இல்லை, பெரம்பலூரே என்றார்கள். கடைசியில் மறுபடி அரியலூர். வீட்டு வாசலைத் தாண்டாமலே மூன்று தடவை மாவட்டம் மாறியவள் நான். என்னைவிட உள்ளூர்க்காரி எங்கே கிடைப்பாள்?)

அப்பா மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

“கெடச்சா படி, நான் வேணாங்கல. கெடைக்கலன்னா அடுத்த வாரமே தையல் கிளாஸ்ல சேந்துடு. ரெண்டும் நூலு, கம்பி சமாச்சாரந்தான்.”

அப்பாவுக்குத் தெரிந்த இசை அவ்வளவு. ஆக எனக்கு முன்னால் இருந்தது வயலின் அல்லது தையல் மிஷின்.

போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாசிப்பதற்கு முன், யாருடைய நினைவாக உதவித்தொகை தருகிறார்களோ அவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். எனக்கு அவர்களைத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன்.

“அருளப்பனா? ரயில்வேயில இருந்தாரு. தங்கமான மனுசன்.”

இருந்தாரு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் மேடை ஏறினேன். (பின்னாளில் இதைக் கேட்டபோது அப்பா கூசாமல் சொன்னார்: “ரயில்வேயில இருந்தாருன்னுதான் சொன்னேன். ரிடையர் ஆனவர வேற எப்புடிச் சொல்றது? உலகத்துல இருந்தாருன்னா சொன்னேன்?”)

அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்து மண்டபத்தில் போட்டி. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசியில் குளித்துப் போய்ச் சேர்ந்தோம். முதல் வரிசை ஓரத்தில், வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒரு பெரியவர் தனியாக இருந்தார். சாமியானாக்காரர் என்று நினைத்து, வயலின் பெட்டியை அவர் மடியிலேயே வைத்தேன்.

“தாத்தா, இத செத்த பாத்துக்குங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

திரும்பி வந்தபோது அவர் பெட்டியைக் குழந்தையைப் போல் பிடித்திருந்தார்.

“என்ன பேசப் போற பாப்பா?”

“அருளப்பன் தாத்தாவயும் மரியபுஷ்பம் பாட்டியயும் பத்திதான். ரெண்டு பேரும் போயிட்டாங்கல்ல.”

“ரெண்டு பேருமா?” என்றார். “அருளப்பன் எப்பப் போனாரு?”

“ரொம்ப வருசமாச்சு தாத்தா. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதே. எனக்கு யாருமே சொல்லல. எப்புடிப் போனாரு?”

“பாட்டி போன கவலையிலயே போயிட்டாரு. மூணே மாசம்.”

அவர் பெட்டியை என்னிடம் நீட்டினார். பிறகு, “அடப் பாவமே” என்றார்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்திலாவது, ‘பாப்பா, அது நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா, கூடாதா? பெற்ற பிள்ளைக்கு இப்படி நடந்தால் பார்த்துக்கொண்டு இருப்பாரா? அந்த மனிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து, நான் மேடை ஏறுவதற்காகக் காத்திருந்தார். இன்றுவரை அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஏறினேன். பேச்சை நானே எழுதி ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வரியே ‘இறப்பிலும் இணைபிரியாத தம்பதியர்!’ மண்டபத்தில் சலசலப்பு. கவனிக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. ‘துணைவி மறைந்த துயரம் தாளாமல் மூன்றே மாதத்தில் விண்ணகம் விரைந்த அருளப்பன் ஐயா அவர்களே!’ என்று குரலை உயர்த்தினேன். பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். ‘இன்று நீங்கள் இந்த மண்டபத்தில் எங்களோடு இருப்பதை நான் உணர்கிறேன்’ என்று சொல்லிக் கையை முன்வரிசைப் பக்கம் நீட்டினேன். நேராக அவரை நோக்கி. மண்டபமே வெடித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் விழாக்குழுச் செயலாளர் மேடைக்கு ஓடி வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

“எறங்கும்மா கீழ! உசுரோட குந்தியிருக்கிற பெரியவர இப்புடியா பேசுவ? உன் பேர எடுத்தாச்சு, போ!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த நொடி உடம்பெல்லாம் எரிந்தது. வயலின் போய்விட்டது, அடுத்த வாரம் தையல், அதுவும் என் தப்பே இல்லாமல். பாவாடைப் பையிலிருந்து மஞ்சள் நோட்டீஸை எடுத்து விரித்தேன்.

“சார், இதுல என்ன போட்டிருக்கு? அருளப்பன் மரியபுஷ்பம் நினைவு. ரெண்டு பேரு சார் இது!”

“ரெண்டு பேரு இல்லம்மா. அது அந்தம்மா பேரு. புருசன் பேர முன்னாடி போட்டிருக்கு. எல்லாரும் அப்புடித்தான போடுவாங்க?”

“அப்ப திருமதி எங்க சார்?”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். அந்த நோட்டீஸில் அவருக்கு ‘உயர்திரு’ இருந்தது. வாழ்த்துரைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் பட்டங்கள் இருந்தன. ஒலிபெருக்கி உபயதாரருக்குக்கூட ‘திரு’ இருந்தது. யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தப் பெண்மணிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

“எடம் பத்தலன்னு பிரஸ்ல எடுத்துட்டாங்க” என்றார்.

“ஒங்க உயர்திருவ எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல சார்?”

அத்தனை பேர் முன்னால் நான் அப்படிக் கேட்டேன். அப்பா பின் வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். செயலாளர் விடவில்லை.

“மேடையில எத்தினி படத்துக்கு மால போட்டிருக்கு? நல்லாப் பாரு!”

ஒன்று. ஒரே ஒரு படம், ஆர்மோனியத்தோடு ஓர் அம்மாள். அதை நான் உள்ளே நுழையும்போதே பார்த்தேன். அந்தக் காலத்து ஆம்பளை, போட்டோ எடுத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது கூடப் பரவாயில்லை. அந்த ‘மூன்றே மாதம்’ எந்த நோட்டீஸிலும் இல்லை, அப்பாவும் சொல்லவில்லை. உருக்கமாகப் பேசினால் வயலின் கிடைக்கும் என்று நானாகச் சேர்த்தது அது. என் தப்பு என்று சொன்னேனே, அது இதுதான்.

நோட்டீஸை மடித்துப் பையில் போட்டேன். அப்போது அருளப்பன் தாத்தா எழுந்து வந்து செயலாளரிடம் மைக்கை வாங்கினார்.

“சார், அந்தப் புள்ள இன்னும் வாசிக்கல. செத்தவன் ஒரு பாட்டு கேக்கக் கூடாதா?” என்றார். மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. “அது சொன்னதும் முழுப் பொய்யில்ல. மூணு மாசம் நான் சோறு தண்ணி சரியா எடுக்கல. போயிருப்பேன். எப்புடியோ தப்பிச்சிட்டேன்.”

விளையாட்டாகப் புளுகியது ஒருவருக்கு நிஜமாக நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது வந்த வெட்கம், சிரிப்புக்கு வந்த வெட்கத்தைவிடப் பெரியது.

வாசித்தேன். மாதா பாட்டு ஒன்று, மாலையில் எங்கள் கோயிலில் பாடுவது. மெதுவாக வாசிக்க வேண்டிய பாட்டு. நான் இருந்த ஆத்திரத்தில் வில்லைப் போட்டு அழுத்தினேன். பிரஸ்காரன்மேல், செயலாளர்மேல், அப்பாவின் ‘இருந்தாரு’மேல், என்மேல், எல்லார்மேலும் இருந்த கோபம் அந்தப் பாட்டில் இறங்கியது. முடிக்கும்போது ஒரு தந்தி தளர்ந்து சுருதி போய்விட்டது. அருளப்பன் தாத்தா என்னைப் பார்க்கவில்லை, மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இடம் பக்கத்து ஊரிலிருந்து மிருதங்கம் வாசிக்க வந்த பெண்ணுக்கு. இரண்டாவது எனக்கு. செயலாளர் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. கீழே இறங்கியதும் நான் தாத்தாவிடம் சண்டைக்கே போனேன்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ சாதுவா வாசிச்சிருப்ப” என்றவர், மாலை போட்ட படத்தைக் காட்டினார். “அவளும் கோவம் வந்தாத்தான் நல்லா வாசிப்பா.”

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிறது. நான் இப்போது அரியலூரில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். தையல் மிஷின் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருட நோட்டீஸில் தாத்தா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அன்றிலிருந்து அது இப்படித்தான் அச்சாகிறது: ‘திருமதி அருளப்பன் மரியபுஷ்பம் நினைவு இசை உதவித்தொகை (அருளப்பன் உயிருடன் இருக்கிறார்).’ பிழை பார்க்கும் வேலை என் தலையில். செயலாளரின் உயர்திருவை எடுத்துத்தான் இடம் பிடித்தேன்.

ஒவ்வொரு வருடமும் அச்சுக்குப் போகும் முன் பிரஸ்காரர் போன் செய்கிறார். “டீச்சர், அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது அப்புடியே இருக்கட்டுங்களா?” நான் உடனே தாத்தாவுக்குப் போன் போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். அவர்களுக்கு இது திருவிழா.

இந்த வருடம் மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை கடைசி மணியில் எடுத்தார்.

“போன எடுக்க இவ்வளவு நேரமா?” என்று கத்தினேன். கத்தும்போதே கண்ணில் தண்ணீர். “எங்க போயிருந்தீங்க?”

“குளிச்சிக்கிட்டிருந்தேன் பாப்பா. என்ன, நோட்டீஸா?”

“ஆமா.”

“இரு, ஒரு தடவ மூச்ச இழுத்துப் பாக்கறேன்” என்றார். இழுத்தார். போனில் நன்றாகக் கேட்டது. “ம், போடு.”