அஞ்சு ஹெச்.பி. அண்ணனின் இரண்டு குரல்கள்

போன் இல்லாமலே போன் பேசக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஒரத்தநாட்டுக்காரர். வயல் மோட்டார் ஓடுவதுபோல் பேசுவார் என்பதால் ‘அஞ்சு ஹெச்.பி.’ என்று பெயர் வைத்தோம். அவருக்கு அதில் பெருமைதான்.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளை மடையை அடைக்கச் சொல்லிப் பழகின தொண்டைப்பா. இதுல சத்தத்தைக் குறைக்கிற திருகாணியே கிடையாது” என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தது. மாயவரத்துக்காரனான நானும் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் இங்கிலாந்தின் வடக்கே ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாள். அண்ணனுக்கு வெந்நீர் பாய்லர் ரிப்பேர் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை.

பாய்லர் கெட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள். பெயர், விலாசமெல்லாம் அண்ணனுக்கு அப்புறம். முதல் கேள்வி, “சாப்டீங்களா?” அதுவும் ஒரத்தநாட்டு இங்கிலீஷில், முழு சத்தத்தில். சாப்பிட்டாயா என்று கேட்காமல் விஷயத்துக்குப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அங்கே அது மிரட்டல் மாதிரி இருந்திருக்கிறது. சிலர் பயந்துபோய், சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் பேச்சை மாற்றாவிட்டால் வேலை இல்லை என்றுவிட்டார். வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரே திரண்டு வந்து மாலை போட்டு வழியனுப்பிய மனிதர், அதே பஸ் ஸ்டாண்டில் எந்த முகத்தோடு இறங்குவார்?

அண்ணன் படிப்பில் இறங்கினார். குரு, வீட்டுக்கார அம்மாள். ஓயாமல் சிகரெட் பிடிப்பார். வாடகை, குப்பைத்தொட்டி, மாடியில் சத்தம், இவற்றைத் தவிர எங்களோடு வேறெதுவும் பேசமாட்டார். அண்ணன் தினமும் வலியப் போய்த் திட்டு வாங்கி, அதை மாடிப்படியிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவார். ஒருநாள் எங்கள் அறைக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். உள்ளே லுங்கியோடு அண்ணன்.

“எப்டிடா தம்பி?”

“அப்டியே இருக்குண்ணே. ஆனா நடுநடுவுல எதுக்கு இருமுறீங்க?”

“இருமாம அந்தம்மா பேசி நான் கேட்டதே இல்லியேப்பா.”

இருமலோடேயே பாஸாகிவிட்டார். சூப்பர்வைசர் கை கொடுத்ததோடு, இருமல் மாத்திரையும் கொடுத்தனுப்பினார்.

ஆனால் அதற்கப்புறம் அண்ணன் முகமே சரியில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னண்ணே?”

“வயசான அம்மா ஒண்ணு, தனியா இருக்கு. பாய்லர் நல்லாத்தான் ஓடும். இருந்தாலும் வாரா வாரம் கூப்பிடும். இன்னிக்கு என்கிட்டயே, ‘அந்தச் சத்தம் போடுற ஆள் எங்கே, அவர்கிட்ட குடு’ங்குது.”

“சாப்டீங்களான்னு கேட்டிருந்தா நீங்கதான்னு தெரிஞ்சிருக்குமேண்ணே!”

“இந்தக் குரல்ல அது வரமாட்டேங்குதுடா. வீட்டுக்காரம்மா ஒருநாள்கூட என்னை அப்படிக் கேட்டதில்ல. நான் எங்கேர்ந்து கத்துக்கிறது?”



அடுத்த வாரம் அந்த வயசான அம்மாள் கூப்பிட்டபோது அண்ணன் துணிந்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று மோட்டாரைப் போட்டு, “சாப்டீங்களா?” என்றார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் எழுந்து வந்து பின்னால் நின்றார். போனுக்குள் அந்த அம்மாள் அழுவது அவருக்கும் கேட்டிருக்கிறது. அண்ணன் தோளைத் தட்டி, “இவங்ககிட்ட இப்படியே பேசு. மத்தவங்களுக்கு இருமினாப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அண்ணன் இப்போது ஒரத்தநாட்டில் விவசாயம் பார்க்கிறார். நான் இங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். எடுத்ததும், “சாப்டியாடா?”

வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும், “இன்னும் இல்லண்ணே” என்பேன். ஏன்டா சாப்பிடல என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் திட்டுவார். அந்தச் சத்தத்துக்கு வேறு யாராயிருந்தாலும் போனைத் தள்ளித்தான் பிடிப்பார்கள். நான் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வேன்.