வாளி அண்ணனுக்கு யார் போடுவது?

மலேசியாவின் ஜொகூரில் வாளி அண்ணன் கையால் சாம்பார் வாங்காத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், கருமாதி, எதுவானாலும் பந்தியில் அவர் இருப்பார். அழைத்திருந்தால் முன்வாசல் வழியாக வருவார். அழைக்காவிட்டால் சமையற்கட்டு வழியாக வருவார். சர்ச் மண்டபத்துக் கல்யாணங்களிலும் இதே கதைதான். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. உலு திராமில் முப்பது வருடமாக அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன், அந்தப் பெயரைச் சொல் என்றால் நானே யோசிக்க வேண்டும்.

வாளி அவருடைய சொந்த வாளி. மண்டபத்து வாளிகளை அவர் நம்ப மாட்டார். பிடி ஆடும், அடி ஒழுகும் என்பார். அதனால் கார் பூட்டில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், துணி சுற்றிய சில்வர் வாளியும் கரண்டியும் எப்போதும் தயாராக இருக்கும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் வயிறுகளும் அந்தக் கணக்கில் அடக்கம்.

ஒரு கல்யாணத்தில் பாயாசத்துக்காக இலையில் இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தேன். வாளி வந்தது, என் முன்னால் நின்றது, தாண்டிப் போனது. பின்னால் அப்பளத்தோடு வந்தவரிடம், "சாருக்கு இனிப்புநீர் இருக்கு, அவருக்கு வேணாம்" என்று சொன்னார். என் சர்க்கரை வியாதியை மெல்லச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்த வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். என் மகளைப் பெண் கேட்டு வரக்கூடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த குடும்பமும் அதில் இருந்தது. மறுநாள் அவரிடம் சண்டைக்கே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்திர சாப்டீங்களா சார்?" என்றார். இந்த மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

குளுவாங் ஊரில் நடந்த கதை இதைவிட மோசம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபங்கள், இரண்டிலும் கல்யாணம். இவர் தவறான மண்டபத்துக்குள் நுழைந்து மூன்று பந்தி பரிமாறிவிட்டார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். மூன்றாவது பந்தியில்தான் மணமேடையைப் பார்த்து, "இது நம்ம பையன் இல்லையே" என்றாராம். அதற்குப் பிறகும் அந்தப் பந்தியைப் பாதியில் விட்டு வர மனமில்லாமல் முடித்துவிட்டுத்தான் வந்தார். அவர் மனைவி ராஜம் அக்கா சரியான மண்டபத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எங்கே சாம்பார் தீர்கிறதோ அங்கே இருப்பார், வந்துவிடுவார் என்று எங்களிடம் சொன்னார்.

இத்தனை இலைகளுக்குப் போட்டவர் எப்போது சாப்பிடுவார் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஐந்து மாதத்துக்கு முன் ராஜம் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் ஒரே வாரத்தில் போய்விட்டார். கருமாதி அன்று வாளி அண்ணன் வாளியைத் தூக்கினார். தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. சொந்த மனைவியின் கருமாதிச் சோற்றை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். வழக்கமாக "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துகிறவர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு ஒரே மகள், கலா. சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை வந்து, வாரத்துக்கும் சமைத்து, ஏழு டப்பாவில் அடைத்து, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் ஞாயிறு முதல் சனி வரை ஏழும் அப்படியே இருக்கும். பிஸ்கட்டும் பால் விடாத கோப்பி ஓவும்தான் அவர் சாப்பாடு. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே கூட்டிப் போனாலாவது சாப்பிடுவார் என்று கலா முதலில் ஒரு வாழையிலைக் கடைக்கு அழைத்துப் போனாள். பத்தாவது நிமிடம் அவர் கடைப் பையனிடமிருந்து ரச வாளியை வாங்கிக்கொண்டு மூன்று மேசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். முதலாளி வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டாராம்.

அதனால்தான் ஜப்பானிய பார்பிக்யூ. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் இருக்கிறது. அங்கே வாளி கிடையாது, இலை கிடையாது, பந்தி கிடையாது. பச்சை இறைச்சியைச் சின்னச் சின்னத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். மேசை நடுவில் நெருப்பு, அதன்மேல் கம்பி வலை. அவரவர் சுட்டு அவரவர் சாப்பிட வேண்டியதுதான், அப்பாவுக்குப் பரிமாற வழியே இல்லை என்றாள் கலா. துணைக்கு என்னையும் என் மனைவி சரசுவையும் கூப்பிட்டாள். எனக்கும் நல்ல திட்டமாகத்தான் பட்டது. மேசைக்கு மேசை இடுக்கி கொடுப்பார்கள் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். "காசும் குடுத்து நாமளே சமைக்கணுமாலா?" என்று சரசு ஆரம்பித்தாள். கோழி, ஆடு, இறால், காளான், பூசணி என்று கலா சொன்னாள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று வாளி அண்ணன் மலாயில் பக்குவமாகச் சொல்லி, வலையை மாற்றித் தரச் சொன்னார். பரிமாறும் பெண் சிரித்த முகமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, நான்கு இடுக்கிகளை வைத்துவிட்டுப் போனாள். நான் கையை நீட்டுவதற்குள் நான்கும் அவர் கையில் இருந்தன.

எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து பரிமாறிப் பழக்கமில்லை. கோழியைப் புரட்டினார், இறாலை ஓரத்துக்குத் தள்ளினார், என் தட்டில் போட்டார், சரசு தட்டில் போட்டார், கலா தட்டில் போட்டார். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் பேச்சு சுவாரஸ்யத்தில் கோழியைக் கருகவிட்டுக்கொண்டிருந்தது. அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு எட்டு வைத்து அதையும் புரட்டிக் கொடுத்தார். அவர்கள் நன்றி சொன்னார்கள், அவர் இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.

அவருடைய தட்டு மட்டும் வந்தபோது இருந்தது போலவே இருந்தது. சாப்பிடும் குச்சிகள் காகித உறையைவிட்டு வெளியே வரவில்லை.

"அப்பா, உக்காருங்க" என்றாள் கலா.

"மொதல்ல நீங்க சாப்புடுங்க."

"நான் அடுத்த மாசம் வேலைய விடப்போறேன்."

இடுக்கி நின்றது. "ஏம்மா?"

"நீங்க சாப்புடுறீங்களான்னு பக்கத்துல இருந்து பாக்கணும். வேற என்னா செய்ய? அம்மாவும் போய்ட்டாங்க. நீங்களும் போய்ட்டா எனக்கு யாருப்பா இருக்கா?"

அவர் உட்கார்ந்தார். வலையில் இறால் கருகியது, அவர் பார்க்கவில்லை. அவர் நெருப்பில் எதையாவது கருகவிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"பசிக்குதும்மா" என்றார். "பசிக்காம இல்ல. டப்பாவ எடுத்து சூடு பண்ணுவேன். தட்டும் வெப்பேன். ஆனா நானா எனக்குப் போட்டு சாப்புட்டதே இல்லம்மா. எத்தன பந்தி ஆனாலும் ஒங்கம்மா சமையக்கட்டுல காத்திருந்து எனக்குப் போடுவா. இப்ப தட்டு முன்னால ஒக்காந்தா, யாரோ வந்து போடுவாங்கங்கற மாரியே இருக்கு. கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறம் மூடி வெச்சிருவேன்."

முப்பது வருடம் இந்த மனிதர் கையால் வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அண்ணே, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டிருக்கிறேனா? பாயாசம் போடவில்லை என்று சண்டைக்குப் போகத் தெரிந்தது எனக்கு. வெட்கமாக இருந்தது.

அவர் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கினேன். எனக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது, சரசுவைக் கேளுங்கள். ஒரு கோழித் துண்டை வலையில் போட்டுப் புரட்டி, ஒரு பக்கம் கரியாக்கி, அவர் தட்டில் வைத்தேன்.

அதை உற்றுப் பார்த்தார். "சார், தீஞ்சு போச்சு."

"தெரியும். சாப்புடுங்கண்ணே."

குச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் எடுத்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். கண் கலங்கியது, புகை என்றார். சரசு சோறு வைத்தாள், கலா இறாலை உரித்து வைத்தாள். போதும் என்று தட்டின்மேல் கையை விரித்தார். பந்தியில் நாங்கள் விரித்த கையை அவர் என்றைக்காவது மதித்திருக்கிறாரா? விரல் இடுக்கில் ஆட்டிறைச்சியைத் திணித்தேன்.

கலா வேலையை விடவில்லை. வார நாட்களில் அவர் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சமைப்பது சரசு, போடுவது நான். எனக்குப் பரிமாறவே வரவில்லை, ரசத்தை மேசைக்கு ஊற்றுகிறேன் என்று தினமும் குறை சொல்கிறார். சொல்லட்டும். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நான் எதிரிலேயே கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.